இருதய அறுவைக்குப் பின் ஆறும் புண்ணும் லேசர் ஒளியும்

கதிர் அறுக்கும்போது கையில் அரிவாள் பட்டுவிட்டால் உழவர் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. கழுவித் துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடருகிறார். பத்து நாட்களில் அவ்விடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சுகிறது. புண் என்பது தானே ஆறும் இயல்புடையது என்னும் நம்பிக்கை நம் மக்களிடம் வேரூன்றியிருப்பதற்கு இத்தகைய அனுபவங்களே காரணமாகும். ஆயின் எல்லாப் புண்களும் அரிவாள் வெட்டைப் போன்றவை அல்ல. இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்புபவர் தம் மார்பில் கொண்டுவரும் காயம் முற்றிலும் வேறு வகையினது.

முன்னாளில் இத்தகைய சிகிச்சை செல்வந்தர்க்கே உரியதாயிருந்தது. நமது மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக, சிறு நிலமுடைய உழவரும் கூலித் தொழிலாளியும் இருதயக் குழாய் அடைப்புக்கு அறுவை செய்துகொண்டு நலமுடன் வீடு திரும்புகின்றனர். திரும்பிய சில நாட்களில் திண்ணைக்கு வருவோர் பலரும் பல யோசனைகளைச் சொல்லுகின்றனர். அவற்றுள் அண்மைக்காலத்தில் நம் காதில் விழுவது, "லேசர் வைத்தால் புண் சீக்கிரம் ஆறிவிடும்" என்னும் பேச்சு. அதற்குப் பணம் வேண்டியிருக்கிறதே, கறவை மாட்டை விற்கலாமா என்று பஞ்சாயத்து உறுப்பினரிடம் வந்து கேட்பவரும் உண்டு. இப்பேச்சில் உண்மை உண்டா என்பதனை இங்கே ஆராய்வோம். உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்பதே நாம் கண்ட முடிவு. அது ஏன் என்பதற்குச் சற்று விளக்கம் தேவை.

இக்காயம் எத்தகையது?

இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயை ஒட்டுப்போட்டு இரத்தத்திற்கு மாற்றுவழி அமைக்கின்றனர். வாய்க்கால் ஓரிடத்தில் தூர்ந்துவிட்டால் பக்கத்தில் புதுக் கால் வெட்டி நீரைக் கொண்டுபோவது போன்றதே இது. பைபாஸ் என்று பெயர். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய அர்ஜென்டினா நாட்டு அறுவை மருத்துவர் ரெனே ஃபாவலோரோ, காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு 1967ஆம் ஆண்டில் இம்முறையைச் செய்து காட்டி உலகெங்கும் பரவச் செய்தார்.

இருதயத்தை அடைவதற்கு மார்பின் நடுவிலுள்ள எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் பிளந்த எலும்பை ஒன்றுசேர்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகின்றனர். விரிந்த ஏர்க்காலை இரும்புப் பட்டை போட்டு இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கம்பிகள் உள்ளேயே இருந்துவிடும். அவற்றின் மேல் தசையையும் தோலையும் தைக்கின்றனர். காலிலிருந்து சிரை எடுத்திருந்தால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அங்கும் ஒரு நீண்ட தையல் இருக்கும். வீட்டார் மார்பையே கவனித்துக்கொண்டு காலை மறந்துவிடுவது வழக்கம். உண்மையில் பிளவும் நீர் வடிதலும் மார்பைக் காட்டிலும் காலில்தான் மிகுதியாக நேருகின்றன.

மார்பெலும்பு ஆறுவதில் இரண்டு இடையூறுகள் உள்ளன. கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம்; மார்பை அப்படி நிறுத்திவைக்க இயலுமா? நிமிடத்திற்கு 15 முறை மூச்சு விடுபவரின் மார்பு ஒரு நாளில் 20,000 முறைக்கு மேல் விரிந்து சுருங்குகிறது. இருமல், தும்மல் வேறு. இரண்டாவது இடையூறு இன்னும் நுட்பமானது. மார்பெலும்பின் இரு பக்கமும் உட்புறமாக ஓடும் தமனிகளே அவ்வெலும்புக்கு உணவூட்டுபவை. அவற்றுள் ஒன்றை எடுத்து இருதயத்தில் ஒட்டினால் அது காலின் சிரையைவிடப் பல்லாண்டுகள் அதிகம் உழைக்கும் என்பதனால், டாக்டர்கள் அதனையே பெரிதும் விரும்புகின்றனர். இருதயத்திற்குக் கிடைத்த அந்த நன்மைக்கு எலும்பு சிறிது விலை கொடுக்கிறது. அதற்கு வரும் இரத்தம் குறைகிறது. நீரிழிவு உள்ளவரிடம் இரு பக்கத் தமனிகளையும் எடுக்க நேர்ந்தால் புண் ஆறுவது மேலும் கடினமாகும்.

எலும்பு ஒருவாறு இணைவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். உறுதிப்படுவதற்கு மூன்று மாதங்கள் வரை ஆகலாம். மேலே தோல் ஆறிவிட்டது என்பதனால் உள்ளே எலும்பும் ஒட்டிவிட்டது என்று கொள்ளலாகாது. பெரும்பாலோர்க்கு எல்லாம் செவ்வனே ஆறிவிடுகிறது. நூற்றுக்கு ஒருவர் இருவர்க்கு எலும்பின் உட்புறத்தே சீழ் பிடிக்கிறது. எண்ணிக்கையில் சிறிதாயினும் உயிருக்கே ஆபத்தான நிலை இது. இதனைத் தடுப்பதற்காகவும், சாதாரணப் புண்ணையும் விரைந்து ஆற்றுவதற்காகவும் மருத்துவர்கள் தேடிய வழிகளுள் ஒன்றுதான் ஒளிச் சிகிச்சை.

ஒளி மருந்தான வரலாறு

ஒளியால் நோய் தீர்ப்பது புதுமையன்று. தோலைப் பற்றும் காசநோய்க்குச் செறிவூட்டிய ஒளியைப் பயன்படுத்தியதற்காக டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றார். லேசர் என்பது பின்னர் வந்தது. சாதாரண விளக்கின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கும். அது நாற்புறமும் சிதறும். லேசரின் ஒளியோ ஒரே நிறத்தது. அதன் அலைகள் படையணியில் நடப்போரைப் போல ஒரே சீராகச் செல்வதால் நெடுந்தூரம் சிதறாமல் செல்லும். இத்தகைய ஒளியை முதன்முதலாக 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவில், செயற்கை மாணிக்கக் கல்லால் ஆன கோலிலிருந்து எழுப்பியவர் தியோடர் மைமன்.

ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். லேசரால் புற்றுக்கட்டியை அழிக்கலாம் என்று அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியைச் சோதிக்க அவர் முனைந்தார். 1967ஆம் ஆண்டில் எலிகளின் மயிரை மழித்து அவற்றின்மீது மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார். அவருடைய கருவியின் வலு மிகக் குறைவு. ஆகவே அது எதனையும் சுட்டு அழிக்கவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளின் முதுகில், படாத எலிகளைவிட விரைவில் மயிர் முளைத்துவிட்டது! நினைத்தது நடவாமல் நினையாதது நடந்தது. வேறொருவராயின் கருவி பழுது என்று ஒதுக்கியிருப்பார். அவர் ஒதுக்கவில்லை. அதே மென்மையான ஒளியைப் புண்களின்மீது செலுத்திப் பார்த்தார். அவையும் விரைந்து ஆறக் கண்டார். பின்னர் நெடுநாள் ஆறாத புண்களையுடைய நோயாளிகளுக்கும் அதனைப் பயன்படுத்தினார். இன்று உலகில் நடைபெறும் மென்லேசர்ச் சிகிச்சை அனைத்திற்கும் மூலம் அந்த எலிகளின் முதுகே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவால் பழுதுற்ற கண்ணுக்குள் செலுத்தும் லேசரும், கட்டியை வெட்டும் லேசரும் சுடுகின்ற இனத்தவை. நாம் பேசுவது சுடாத இனம். இதன் ஆற்றல் பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்கு உட்பட்டது. மேலே பட்டால் வெப்பம் தெரியாது, அல்லது மிகச் சிறிதே தெரியும்.

வெட்டாமலும் சுடாமலும் ஒளி என்ன செய்கிறது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. உணவும் பிராணவாயுவும் அங்கே சேர்ந்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றற் பொருளாகின்றன. அவ்வுலையின் கடைசிப் படியில் வேலை செய்யும் ஒரு புரதம், சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்ச வல்லது. காயம்பட்ட உயிரணுவில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு அப்புரதத்தை அடைத்துக்கொண்டு உலையை மந்தப்படுத்துகிறது என்றும், ஒளி பட்டதும் அந்த அடைப்பு விலகி உலை மீண்டும் எரிகிறது என்றும் விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர். அதனால் புண்ணில் கொலாஜன் நாரை நெய்யும் உயிரணுக்கள் சுறுசுறுப்படைகின்றன. வீக்கமும் வலியும் தணிகின்றன. இதற்குப் பயன்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 600 முதல் 950 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

அளவைப் பற்றி உழவர்களுக்கு நாம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. யூரியாவைக் குறைத்து இட்டால் பயிர் வெளுக்கும். அளவோடு இட்டால் செழிக்கும். மிகுந்தால் சாய்ந்து பூச்சிக்கு இரையாகும். ஒளியும் அத்தகையதே. சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல் அளவு ஒளி புண்ணைத் தூண்டுகிறது. பல மடங்கு மிகுந்தால் தூண்டுதல் நின்று, ஆறுதலே தடைப்படுகிறது. "அதிக நேரம் வைத்தால் அதிகப் பயன்" என்று கூறுபவர் இச்சிகிச்சையை அறியாதவர் என்றே கொள்ளலாம். மேலும் கறுத்த தோல், ஒளியின் ஒரு பகுதியை மேலேயே உறிஞ்சிக்கொண்டு சூடேறக்கூடியது. வெண்ணிறத் தோலுடையவர்க்கு வகுத்த அளவை அப்படியே நம் மக்களுக்குப் பயன்படுத்துதல் சரியாகாது.

பிரேசிலில் நடந்த சோதனைகள்

இருதய அறுவைக் காயங்களில் இவ்வொளியைப் பொறுமையுடன் சோதித்துவரும் நாடுகளுள் பிரேசில் முன்னணியில் நிற்கிறது. சான் பாலோ நகர மருத்துவர்கள், பைபாஸ் செய்தவர்களின் காலில் சிரை எடுத்த இடத்துத் தையல் பிரிந்து புண்ணானபோது, மென்லேசரைக் கொண்டு அதனை ஆற்றிய விவரத்தை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டினர் மார்பெலும்பின் மேலுள்ள தையலிலும் அறுவை முடிந்த முதல் நாட்களிலேயே ஒளியைச் செலுத்திப் பார்த்தனர். லேசருக்குப் பதிலாக, அதைவிட மலிவான எல்.இ.டி. விளக்கின் சிவப்பு ஒளியையும் சோதித்தனர். சில நோயாளிகளுக்கு விளக்கை ஏற்றியும், வேறு சிலருக்கு ஏற்றாமல் வெறுமனே காட்டியும் ஒப்பிட்டனர். இப்படிச் செய்யாவிடில் புண் ஆறியது ஒளியாலா, இயற்கையாலா என்று பிரித்தறிய இயலாது அன்றோ? ஒளி பெற்றவர்களுக்கு இருமும்போது ஏற்படும் வலி குறைந்ததாகவும், தையலைச் சுற்றிய சிவப்பும் பிளவும் குறைந்ததாகவும் அவர்கள் அறிவித்தனர்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் இச்சோதனைகள் சிறு எண்ணிக்கையான நோயாளிகளைக் கொண்டு நடந்தவை. ஒருவர் பயன்படுத்திய அலைநீளமும் அளவும் மற்றவர் பயன்படுத்தியவற்றோடு ஒத்திருக்கவில்லை. ஒரு பண்ணையில் நான்கு பாத்தியில் விளைந்த விதையை மாவட்டம் முழுவதற்கும் சிபாரிசு செய்ய வேளாண்மை அதிகாரி எவ்வாறு தயங்குவாரோ, அவ்வாறே இருதய மருத்துவ உலகமும் தயங்குகிறது. பைபாஸ் செய்தவர் அனைவர்க்கும் லேசர் கொடுத்தே தீரவேண்டும் என்னும் விதி எழவில்லை. இது ஒளியின் மீதுள்ள வெறுப்பினால் அன்று. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் உண்டாகும் கொடிய புண்ணைத் தடுப்பதற்கு இதே மென்லேசர் ஒளியைப் பல நாட்டு வல்லுநர்கள் சோதித்துப் பார்த்து, தகுந்த நோயாளிகளுக்கு அளிக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கின்றனர். போதிய சான்று கிடைத்த இடத்தில் மருத்துவம் அதனை ஏற்றுக்கொண்டே இருக்கிறது.

மற்றொன்றையும் தெளிவாக அறிதல் வேண்டும். சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். அகச்சிவப்பு அதனினும் சிறிது ஆழம் செல்லும். எலும்பின் பின்புறத்தே தங்கிய சீழை இவ்விளக்கு தொடாது. அதற்கு மருத்துவமனையில் புண்ணைத் திறந்து, கெட்ட திசுவை நீக்கி, கிருமிநாசினி மருந்தை ஊசிவழி செலுத்தி, தேவைப்பட்டால் பஞ்சு வைத்துக் காற்றை உறிஞ்சும் கருவியைப் பொருத்தி, சில வேளை பக்கத்துத் தசையைத் திருப்பி மூடவும் வேண்டியிருக்கும். சீழ் வடியும் மார்பை வைத்துக்கொண்டு, பத்து நாள் விளக்கு காட்டிப் பார்ப்போம் என்று காத்திருத்தல் உயிரோடு விளையாடுவதாகும். நமக்கு உள்ள அச்சமெல்லாம் விளக்கின் தீங்கைப் பற்றியதன்று. விளக்கை நம்பி வீணாகும் நாட்களைப் பற்றியதே.

ஆகவே அறுவை செய்த மருத்துவமனையிலேயே டாக்டரின் யோசனைப்படி இச்சிகிச்சையைக் கொடுத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். அதற்காகக் கடன் வாங்கவோ மாட்டை விற்கவோ வேண்டியதில்லை. அம்மாடு கறக்கும் பாலே புண் ஆறுவதற்கு ஓரளவு உதவும்.

வீட்டில் ஆற்றவேண்டியவை

இது விளையாட்டுப் பேச்சன்று. புதிய திசு புரதத்தால் ஆனது. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை அதற்கு வேண்டும். அறுவை செய்தவர் பருப்பு உண்டால் சீழ் பிடிக்கும், முட்டை உண்டால் புண் புடைக்கும் என்று கூறி, கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்து ஆளை மெலியச் செய்யும் பத்தியம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. பெரியவர்கள் அன்பினால் சொல்லுவது இது, ஆயினும் கைவிடத்தக்கது. உப்பையும் எண்ணெயையும் டாக்டர் சொன்ன அளவில் குறைத்துக்கொண்டால் போதும்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல் எந்த லேசரையும்விட மேலானது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. புதிய நார் வலுவின்றி அமைகிறது. அறுவையை ஒட்டிய நாட்களில் அது 200 மில்லிகிராமைத் தாண்டவிடாமல் காப்பதே மருத்துவமனைகளின் நோக்கம். வீடு திரும்பிய பின் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. அறுவை செய்துகொண்டவரின் பெயர் அப்பட்டியலில் இருக்கிறதா என்று வார்டு உறுப்பினர் ஒருமுறை பார்த்துவிட்டால் அது பேருதவியாகும். பீடியும் சிகரெட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கின்றன, இருமலையும் வளர்க்கின்றன. அவற்றைப் பற்றி வேறு சொல்ல வேண்டுவதில்லை.

எலும்பு ஒட்டும்வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். நகரத்தவர்க்கு அது எளிது. உழவர்க்கோ நிறைகுடமே அதைவிட மிகுந்த எடை. 16 லிட்டர் கொள்ளும் முதுகுத் தெளிப்பானை மாட்டிக்கொண்டால் எடையும் வாரும் சேர்ந்து மார்பையே இழுக்கும். கிணற்றில் நீர் இறைத்தல், அடங்காத மாட்டைக் கயிற்றோடு பிடித்தல், டிராக்டரில் குலுங்கிச் செல்லுதல் ஆகிய யாவும் இம்மூன்று மாதங்களுக்குப் பிறர் செய்யவேண்டியவை. நடவுக் காலத்தில் இப்படி ஒருவர் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் முறைவைத்து அவர் வயலைப் பார்த்துக்கொடுக்கும் பழைய வழக்கம் சில ஊர்களில் இன்றும் உண்டு. அவ்வழக்கம் மார்பெலும்புக்கு எத்துணை நன்மை செய்கிறது என்பதனை அவ்வூரார் அறியார்.

இருமல் வந்தால் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். தையலின்மேல் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள், எண்ணெய் எதனையும் இடலாகாது. டாக்டர் அனுமதித்தபின் சோப்பும் சுத்தமான நீருமே போதும். காய்ச்சல் காணுதல், தையலில் நீரோ சீழோ கசிதல், குறைந்துவந்த வலி மீண்டும் மிகுதல், மூச்சு விடும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் எலும்பில் 'கிளுக்' என்று அசைவு தோன்றுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இவை பெரும்பாலும் முதல் ஒரு மாதத்திற்குள் தோன்றுபவை. அந்த ஒரு மாதத்தில் கிராமச் சுகாதார செவிலியரை அழைத்து மார்பையும் காலையும் இரண்டு மூன்று முறையேனும் காட்டுதல் நன்று.

இவ்வளவுக்குப் பிறகும் எவரேனும் லேசர் கருவியுடன் வந்து சிகிச்சை செய்ய முன்வந்தால், அறுவை செய்த டாக்டருக்கு இது தெரியுமா என்று முதலில் கேட்கவேண்டும். ஒளியின் அலைநீளம் என்ன, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல், எத்தனை நாள் என்று அடுத்துக் கேட்கலாம். விஷயம் அறிந்தவர் தயங்காமல் விடை சொல்லுவார். இருதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோன் போன்ற சில மருந்துகள் தோலை ஒளிக்குக் கூசச் செய்பவை; ஆதலால் நோயாளி உண்ணும் மாத்திரைச் சீட்டை அவர் வாங்கிப் பார்க்கிறாரா என்று கவனிக்கவேண்டும். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் இவ்வொளியைச் செலுத்துவதில்லை. அதனைப் பற்றியும் அவர் விசாரித்தாகவேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே விழித்திரையைக் கெடுக்கும். ஆகையால் விளக்கை ஏற்றுமுன் நோயாளிக்கு ஒன்று, தமக்கு ஒன்று, அருகில் நிற்கும் வீட்டாருக்கும் ஒன்று எனத் தக்க காப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்காதவரைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம்.